பேரம் பேசாத ஐந்தாம் நாள்

ஓய்வுபெற்றதும் எனக்கு நானே ஓர் உத்தரவு போட்டுக்கொண்டேன்: இனி உள்ளூரில் உழைப்பவரிடம்தான் வாங்குவது. பணிக்காலம் முழுதும் பிறர் செலவைக் கோப்பில் தடுத்தவனுக்குச் சொந்தச் செலவில் ஒரு கொள்கை இருப்பது பெருமையாக இருந்தது. குடியிருப்போர் கூட்டத்தில் இதைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள், முடித்துவிட்டேன் என்பதற்காக இருக்கலாம்.

அந்த வாரமே, கைப்பேசியில் வரவழைத்த ஐஸ் மீன் பொட்டலத்தை வாசலில் வாங்கினேன். “டெலிவரிக்கு நாப்பது சேர்த்து சார்” என்றான் கொண்டுவந்தவன். கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், காரைக்கால்மேட்டிலிருந்து பல வருடமாக எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மா, தலையில் கூடையோடு நிற்கிறார்.

“நாப்பது ரூவாயைப் பேசாம குடுத்துட்டீங்களே சார்! எங்கிட்ட பத்து ரூவாய்க்கு அரை மணி நேரம் நிப்பீங்க!”

அவர் போய்விட்டார். மறுநாளிலிருந்து எங்கள் வாசலைத் தாண்டி எதிர்வீட்டில் கூடையை இறக்கினார். என் மனைவி ஃப்ரிட்ஜில் கிடந்த பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“இது நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப புடிச்ச மீனு. அவங்க திரும்ப வர்றவரைக்கும் இந்த வீட்ல மீன் கொழம்பு கெடையாது.”

தவறு நடந்தால் முதலில் விளக்கம், பிறகு திருத்தம் என்பது அலுவலக முறை. விளக்கம் இல்லாததால் நேராகத் திருத்தத்துக்குப் போனேன். ஐந்தாம் நாள் தெருமுனையிலேயே அவரை நிறுத்தினேன்.

“சங்கரா மீன் என்ன விலைங்க?”

“கூறு எரநூறு.”

இருநூறு ரூபாயை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

“ஒடம்பு கிடம்பு சரியில்லையா சார்?”

“இனிமே உங்ககிட்ட பேரம் பேச மாட்டேங்க.”

“நல்லாருக்கே! நீங்க கொறைப்பீங்கன்னுதானே கூட்டிச் சொல்றேன்? அப்புடியே குடுத்தா நான் ஏமாத்துன மாதிரில்ல ஆவுது? நூத்தம்பதுன்னு கேளுங்க.”

“நூத்தம்பது.”

“கட்டாது. நூத்தி எழுவது. அக்காவ அருவாமணைய எடுத்து வைக்கச் சொல்லுங்க.”

கூடையோடு எங்கள் வீட்டை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

“நூத்தி அறுவது” என்றேன்.

“வாங்க, வாங்க” என்றார், திரும்பிப் பார்க்காமல்.