ஆட்டினுக்குத்தான் உட்கார்ந்திருக்கிறாள்

நான் ஜெயித்த ஒரு ஆட்டத்தை நினைத்துத்தான் இன்றும் எனக்கு எரிகிறது. தோற்றிருந்தால் மறந்திருப்பேன். "ஜெயிச்சுட்டியே, அப்புறம் என்ன கோபம்?" என்று அன்றைக்கு எத்தனை பேர் கேட்டார்கள்! ஒருவருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை.

அடையாறில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் போக்கர் போட்டி நடக்கும். பணம் வைத்து ஆடுவதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு பிளாஸ்டிக் காய்ன் தருவார்கள். அது தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான், மறுபடி தர மாட்டார்கள். கடைசி மூன்று பேருக்குக் குக்கர், ஹாட்பேக் என்று ஏதாவது பரிசு. நடத்துகிறவர் ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். மந்தைவெளியிலிருந்து ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில் போனைப் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்ட ஆட்டம் இது. நான் போகிறேன் என்று என் கணவரும் கூடவே வர ஆரம்பித்தார்.

அன்று ஏழு பேர் மிச்சமிருந்தோம். கணவர் எனக்கு இடப்பக்கம். எதிரில் பட்டினப்பாக்கத்து மீன் வியாபாரி ஒருவர். முப்பத்தைந்து வயதிருக்கும். லேசில் பின்வாங்காத ஆள். அவர் முன்னால்தான் காய்ன் குவிந்திருந்தது.

என் கையில் இரண்டு சீட்டும் ஆட்டின், அதாவது சிவப்பு இதயம் போட்டது. மேஜையில் திறந்து வைத்திருந்த நான்கில் இரண்டு ஆட்டின். இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் திறக்க வேண்டும். அதுவும் ஆட்டினாக வந்தால் ஐந்து சேர்ந்துவிடும், என்னை யாரும் அசைக்க முடியாது. வராவிட்டால் என் கையில் ஒன்றுமே இல்லை. கணவர் உள்பட மற்றவர்கள் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். மீன் வியாபாரி முந்நூறு தள்ளினார். நடுவில் ஆயிரத்து நூறு சேர்ந்தது. தொடர வேண்டுமானால் நானும் முந்நூறு போட வேண்டும். என்னிடம் இருந்தது தொள்ளாயிரம்.

இந்த இடத்தில் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆட்டின் வர சுமாராக ஐந்தில் ஒரு வாய்ப்பு. அதற்கு முந்நூறு போடுவதென்றால் நடுவில் ஆயிரத்து இருநூறுக்கு மேலேயாவது இருக்க வேண்டும். நூற்றுச் சொச்சம் குறைந்தது. ஆனால் ஆட்டின் விழுந்து நான் மிச்சத்தையும் தள்ளினால், இந்த ஆள் விடாமல் அதற்கும் போடுவார். அந்த அறுநூறையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு சரியாகிறது. வராமல் போனாலும் அறுநூறு கையில் நிற்கும். இதையெல்லாம் யோசித்துத்தான் முந்நூறை எடுத்து வைத்தேன்.

சீட்டுப் போடுகிறவர் கடைசிச் சீட்டில் கை வைத்திருந்தார். அப்போது என் கணவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மேஜைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "இவ ஆட்டினுக்குத்தான் உக்காந்திருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். சீட்டு திறந்தது. ஆட்டின் ஏழு.

நான் அறுநூறையும் தள்ளினேன். மீன் வியாபாரி என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டைக் கவிழ்த்துவிட்டார். நடுவில் இருந்தது எனக்கு வந்தது. கணவர் கை தட்டினார்.

நான் தட்டவிடவில்லை. கவிழ்த்துவிட்டவர்கள் நடக்கிற ஆட்டத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி என்று ஆசிரியரிடம் சொன்னேன். போன முறை ஒரு பையன் இதே தப்பைச் செய்ததற்கு இவர்தான் அவனை இரண்டு ஆட்டம் வெளியே உட்காரவைத்தார். இப்போது தலையைச் சொறிந்தார். உங்களுக்குத்தானே கிடைத்தது, நஷ்டம் ஒன்றுமில்லையே என்றார். கணவன் மனைவிக்குள் இருப்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றும் சொன்னார். கையில் வந்தது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. வராமல் போன அறுநூறு எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

இல்லை, இன்னொருவருக்கும் தெரிந்திருந்தது. மீன் வியாபாரி சொன்னார்: "அக்கா சொல்றது கரெக்டு சார். மாமா வாயத் தொறக்கலன்னா நான் போட்டிருப்பேன். என் கையிலயும் ஜோடி கீது."

அந்தப் பேச்சால் அறுநூறு மிச்சமானவரே ஒப்புக்கொண்டார். அப்படியும் ஆசிரியர் அடுத்த சீட்டைப் போடச் சொல்லிவிட்டார்.

கணவர் சீக்கிரமே தோற்று எழுந்து டீ குடிக்கப் போனார். நான் நான்கு பேரில் ஒருத்தியாக நின்றேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டாயமாகப் போட வேண்டிய காய்ன் ஏறிக்கொண்டே போனது, என் கையிருப்பு கரைந்தது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசையாக நான்கு சேர்ந்தன. ஐந்தோ பத்தோ வந்தால் வரிசையாக ஐந்து ஆகிவிடும், அது போதும். இரண்டு சீட்டு பாக்கி, மூன்றில் ஒரு வாய்ப்பு. வேறு சமயமாக இருந்தால் கவிழ்த்திருப்பேன். ஆனால் கவிழ்த்தால் அடுத்த சுற்றைத் தாங்கக் கையில் இல்லை. எல்லாவற்றையும் தள்ளினேன். ஐந்தும் வரவில்லை, பத்தும் வரவில்லை. நான்காவது இடம், பரிசு இல்லை. அந்த அறுநூறு இருந்திருந்தால் குக்கர் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கவிழ்த்துவிட்டுக் காத்திருக்க எனக்கு வழி இருந்திருக்கும்.

ஆட்டோவில் வரும்போது, என் சீட்டை எட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவே இல்லை என்றார்.

"உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியாதா? இருபத்தாறு வருஷமா பாக்கறேன்."

"தெரிஞ்சா உங்களோட வச்சுக்கக் கூடாதா? பாண்டி பஜார்ல நான் பேக் பேரம் பேசிட்டிருக்கும்போது, இவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு கடைக்காரன்கிட்ட சொன்னீங்க. இன்னிக்கும் அதேதான் பண்ணீங்க."

விளையாட்டைப் போய் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறாயே என்றார்.

அன்று மாலையே போட்டியின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். ஆட்டத்தை விட்டவர்கள் பேசக் கூடாது என்ற விதி கணவர்களுக்கும் உண்டா என்று கேட்டேன். மீன் வியாபாரி மட்டும் கட்டைவிரல் போட்டார். மறுநாள் ஆசிரியர் போன் செய்தார். எனக்கு அல்ல, என் கணவருக்கு. மேடத்தைக் கொஞ்சம் சமாதானப்படுத்துங்கள் சார் என்று அவர் சொல்வது சமையலறை வரைக்கும் கேட்டது. போய்ப் போனை வாங்கினேன்.

"சார், கேள்வி கேட்டது நான். பதிலையும் எங்கிட்டயே சொல்லுங்க."

இனிமேல் யார் பேசினாலும் இரண்டு ஆட்டம் வெளியே என்றார். குழுவிலும் அதை எழுத வேண்டும் என்றேன். எழுதினார், கூடவே ஒரு சிரிக்கும் பொம்மையையும் போட்டு.

கணவர் அதற்குப் பிறகு வருவதில்லை. போரடிக்கிறது என்கிறார். நான் போகிறேன். தான் செய்தது தப்பு என்று அவர் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் மறக்கவில்லை.