வெள்ளி அருவியில் தொலைந்த ஹேண்டில்

கொடைக்கானலில் என் வீட்டு வாசல் கதவு காற்றுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு முட்டுக் கொடுக்க ஒரு பழைய இரும்பு வைத்திருக்கிறேன். இரண்டு இடத்தில் வளைந்த கனமான கம்பி. கை பிடிக்கும் இடம் மட்டும் தேய்ந்து பளபளக்கும். புதிதாக வருகிறவர்கள் அதில் காலை இடித்துக்கொண்டு, “இது என்ன டீச்சர்?” என்று கேட்பார்கள். அந்தக் காலத்துக் கார்களின் மூக்கில் செருகிச் சுற்றுகிற ஹேண்டில் என்று சொல்வேன். இதைத் தோள் வலிக்கச் சுற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வாங்காதவள் வீட்டில் கார் ஹேண்டில் எதற்கு, யாருடையது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்ல மட்டும் எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அதைச் சுற்றியவர் என் சித்தப்பா. பழனிக் கடைத்தெருவில் மலைப்பூண்டு மொத்த வியாபாரம் செய்த ராவுத்தர் ஒருவரிடம் துணிக்கூரை போட்ட பழைய கார் ஒன்று இருந்தது. சித்தப்பா அதற்கு டிரைவர். “வண்டிய வெரட்டாத தம்பி, மலை எங்கயும் ஓடிப் போகாது” என்று ராவுத்தர் ஒரு தரம் சொன்னாராம். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் சித்தப்பா. சாலையோரம் ஒரு பழைய மண்டபத்தைக் கண்டால் போதும், வண்டி தானாக நிற்கும். தூணைத் தடவிப் பார்ப்பார், கல்வெட்டு எழுத்தை வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணிப் பார்ப்பார். என் அப்பா இதற்கு நேர் எதிர். பத்திரம் எழுதுகிறவர், சட்டைப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். அவருக்கு எதுவும் தேதியோடு, நேரத்தோடு, சாட்சிக் கையெழுத்தோடு இருக்க வேண்டும்.

எனக்கு அப்போது பதினேழு வயது. எட்டாவது தேறிவிட்டு, திண்டுக்கல்லில் ஆசிரியைப் பயிற்சிக்கு நானாக விண்ணப்பம் எழுதினேன். தபாலில் போட்டது சித்தப்பா. இடம் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அப்பா கையெழுத்திட்ட சம்மதத்தோடு மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். அப்பா அதை இரண்டு முறை படித்தார், மடித்தார், பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. என்னைப் பெற்றவள் என் சிறு வயதிலேயே போய்விட்டதால் என்னை வளர்த்தது அப்பாவின் தங்கை, என் அத்தை. வயசுப் பெண்ணைத் தனியாக வெளியூருக்கு அனுப்புவதில் அத்தைக்கு உடன்பாடில்லை. ஒரே வாரத்தில் பெரியகுளத்தில் ஒரு வரன் பார்த்து, அப்பாவிடம் வாக்கும் வாங்கிவிட்டாள். கலியாணம் முடிந்தால் கையோடு அழைத்துப் போய்விடுவார்கள். படிப்பு, வேலை என்ற பேச்சே கூடாது என்பது அவர்கள் முதல் நிபந்தனை.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. பெண்ணை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று போனால் பெண்ணுக்குக் குறை. அதனால் இரண்டு வீட்டாரும் ஏதாவது கோயிலில் தற்செயலாகச் சந்தித்ததுபோலச் சந்திப்பார்கள். பிடித்தால் பேச்சைத் தொடர்வார்கள். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்தோம், போனோம் என்று இருந்துவிடலாம். கொடைக்கானலில் அப்போதுதான் குறிஞ்சி ஆண்டவர் கோயில் கட்டிக் கொஞ்ச காலமாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்கு முன் அங்கே தற்செயலாகச் சந்திப்பது என்று ஏற்பாடு. எனக்குத் தெரியக்கூடாது என்பதால் தெரு முழுக்க “கோயில் யாத்திரை” என்றே அப்பா சொல்லிவைத்தார். அரக்குப் பட்டுச்சேலையை எடுத்து இஸ்திரி போடச் சொன்ன அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பது சித்தப்பாவுக்கும் தெரியும்.

“சித்தப்பா, நான் போகணும்” என்றேன் முதல் நாள். திண்டுக்கல்லுக்கு என்று சொல்லவில்லை. அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டே, “வெள்ளனே எந்திரி. வழியில பாக்க நெறைய இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

ராவுத்தரிடம் கேட்டு வாங்கிய காரில் விடியற்காலையில் கிளம்பினோம். முன்னால் அப்பாவும் சித்தப்பாவும். பின்னால் அத்தையும் நானும் ஒரு புளியோதரைத் தூக்கும். பழனியிலிருந்து பார்த்தால் கொடைக்கானல் மலை தலைக்கு மேல்தான் நிற்கிறது. ஆனால் கார் போக அப்போது நேர்வழி கிடையாது. ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று மலையையே சுற்றிக்கொண்டு போய்த்தான் ஏற வேண்டும். அப்படியும் நிற்காமல் போனால் மதியத்துக்குள் மேலே போய்விடலாம் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார்.

திண்டுக்கல்லில் வத்தலக்குண்டுப் பக்கம் திரும்ப வேண்டிய வண்டி, எதிர்ப்பக்கம் தாடிக்கொம்புக்குத் திரும்பியது. “ஏலே, எங்கடா போற?” என்றார் அப்பா. “கோயில் யாத்திரைதானேண்ணே? இம்புட்டுக் கிட்ட வந்துட்டு சௌந்தரராசப் பெருமாளப் பாக்காமப் போனா அவரு என்ன நெனைப்பாரு?” என்றார் சித்தப்பா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். அப்பா வாயைத் திறந்தார். பின்னால் நான் இருப்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். எனக்கு எதுவும் தெரியாது என்பதுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டில் அவரே மாட்டிக்கொண்டார் பாவம்.

அந்த மண்டபத்துச் சிற்பங்களை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். ஆள் உயரக் கல் உருவங்கள், விரல் நகம் வரைக்கும் செதுக்கியிருந்தது. எந்தக் கவலையில் போனேனோ அது அரை மணி நேரத்துக்கு எனக்கே மறந்துவிட்டது. சித்தப்பா ஒவ்வொரு தூணாக என்னை நிறுத்தினார். அத்தைக்குப் பக்தி அதிகம், கோயிலுக்குள் கால் வைத்துவிட்டால் அவளை வெளியே இழுப்பது லேசில்லை. தாயாருக்கு அர்ச்சனை, பெருமாளுக்கு அர்ச்சனை, பிறகு பிரசாதத்துக்காகக் காத்திருப்பு. “பெரிய கோயிலண்ணே, அரைகுறையாக் கும்பிட்டுப் போகக் கூடாது” என்று அவளே அப்பாவிடம் சொன்னபோது சித்தப்பா தூணைப் பார்க்கிற பாவனையில் திரும்பிக்கொண்டார்.

வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் சாலையோரத்து அம்மன் ஒன்று, பிள்ளையார் இரண்டு. மலை ஏறத் தொடங்கியதும் கோயில்கள் தீர்ந்துபோயின. சித்தப்பா காட்சிகளைக் கையில் எடுத்தார். “எஞ்சின் சூடாயிருச்சு” என்று சொல்லி அவர் நிறுத்திய இடமெல்லாம் அழகான இடமாகவே இருந்தது. எலிவால் அருவி எதிர்மலையில் மெல்லிசாகத் தொங்குவது தெரிகிற பாறையருகே நின்றபோது, அத்தை வண்டியிலேயே தூங்கிப்போயிருந்தாள். நான் விளிம்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். அவ்வளவு பெரிய சமவெளியை ஒரே பார்வையில் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று என்று யாராவது கேட்டால் சொல்லியிருப்பேன்.

அப்பா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் கீழே பார்த்தார். பிறகு, “அந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனாந் தேதி சேரணும்னு போட்டிருந்துச்சு?” என்று கேட்டார். சொன்னேன். “அங்கயே தங்கிப் படிக்கணுமோ?” “ஆமாப்பா.” கடிகாரத்தை எடுத்தார், பார்த்தார், உள்ளே போட்டார்.

வெள்ளி அருவிக்கு வந்தபோது மணி மூன்றரை. இனி அரை மணிப் பயணம்தான். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம். நானும் அத்தையும் இறங்கி முகம் கழுவினோம். அத்தை எனக்குத் தலை வாரிப் பூ வைத்தாள். அருவிச் சாரலில் நின்றுகொண்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். சித்தப்பாவும் என் முகத்தைப் பார்க்காமல் தகரத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். பிறகு வண்டியைக் கிளப்பப் போனார். ஹேண்டிலைக் காணவில்லை.

எல்லோரும் தேடினோம். சக்கரத்தடியில், பாறை இடுக்கில், அருவித் தண்ணீரில்கூட. அத்தை பதற்றத்தில் எல்லாவற்றையும் மறந்து, “நல்ல நேரம் போகுதே, அவுங்க வந்து நிப்பாங்களே!” என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா மட்டும் இறங்கவில்லை. காலையிலிருந்து நிறுத்திய இடமெல்லாம் இறங்கிக் கடிகாரமும் கையுமாக நடந்தவர், குளிர்கிறது என்று போர்வையை முழங்காலில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பஸ் ஒன்று கீழே இறங்கிப் போனது. நாலரை தாண்டி, ஐந்தும் ஆனது. அப்போது அவர், “ஏலே, இங்கதாண்டா கெடக்கு” என்று தன் இருக்கைக்கு அடியிலிருந்து ஹேண்டிலை எடுத்துக் கொடுத்தார். சித்தப்பா அதை வாங்கிக்கொண்டு நேராக வண்டியின் மூக்குப் பக்கம் போனார். எப்பேர்ப்பட்ட இடமாகப் பார்த்து ஒளித்திருக்கிறார் என்று நான் மனசுக்குள் சித்தப்பாவை மெச்சிக்கொண்டேன்.

கோயிலுக்குப் போனபோது மூடுபனியில் பக்கத்து ஆள் தெரியவில்லை. பெரியகுளத்துக்காரர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போயிருந்தார்கள். தற்செயலாக வருகிறவர்களுக்காக யாரும் காத்திருக்க முடியாதல்லவா? அன்று ராவுத்தரின் உறவுக்காரர் கடை மாடியில் தங்கி, மறுநாள் காலையில் மறுபடி கோயிலுக்குப் போனோம். பனி விலகி, வெகு கீழே பழனிக் கோயில் குன்று ஒரு நெல்லிக்காய் அளவுக்குத் தெரிந்தது. நாள் முழுக்கச் சுற்றி வந்து எங்கள் ஊருக்கு நேர் மேலே நின்றுகொண்டிருந்தோம். “சாமிக்கு இஷ்டமில்ல போல” என்றார் அப்பா அத்தையிடம். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஊர் திரும்பிய மறுநாள் பஞ்சாங்கத்துக்குள்ளிருந்து கடிதம் வெளியே வந்தது, கையெழுத்தோடு.

பயிற்சி முடித்தேன். கவுஞ்சியில், கூக்காலில், பிறகு கொடைக்கானலில் என்று முப்பது வருஷத்துக்கு மேல் மலைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். அப்பா காலமாகிச் சில வருஷம் கழித்து, அந்தக் கார் பழைய இரும்புக்குப் போனபோது சித்தப்பா ஹேண்டிலை மட்டும் கேட்டு வாங்கி என்னிடம் கொண்டுவந்தார். “என்ன சாமர்த்தியமா ஒளிச்சீங்க சித்தப்பா!” என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“நானா? கோயிலு தீந்துச்சு, மலையும் தீந்துச்சு. வெள்ளி அருவியில நான் தோத்துப் போயிட்டேன்ம்மா. ஹேண்டிலக் கழட்டி முன் சீட்டுல வச்சுட்டுத் தண்ணி மொள்ளப் போனேன். திரும்பி வந்தா அண்ணன் அத சீட்டுக்கு அடியில தள்ளி, போர்வைய முன்னால தொங்கவிட்டு உக்காந்திருக்காரு. நுனி வெளிய தெரிஞ்சுச்சு. நானும் பாக்காத மாதிரி உங்களோட சேந்து தேடுனேன்.”

தங்கையிடம் கொடுத்த வாக்கை மீற முடியாத மனிதர், நேரத்தை விரயம் செய்வதைப் பாவம் என்று நினைத்தவர், ஒன்றரை மணி நேரம் அந்த இரும்பின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் இருந்தவரை ஒரு தடவைகூட நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. கும்பிட்டதெல்லாம் சித்தப்பாவைத்தான். அன்று வாய்விட்டு அழுதேன். சித்தப்பா என்னை அழ விட்டுவிட்டு வாசலுக்குப் போய்க் கதவு அடித்துக்கொள்வதைப் பார்த்து, ஹேண்டிலை எடுத்து அதற்கு முட்டுக் கொடுத்தார்.

அங்கேயேதான் இன்றும் இருக்கிறது. யாராவது காலை இடித்துக்கொண்டு, யாருடையது என்று கேட்டால், சித்தப்பா கார் ஓட்டியதை, அவர் நிறுத்திய கோயில்களை எல்லாம் சொல்வேன். சொல்லி முடித்துவிட்டு, இது என் அப்பாவுடையது என்பேன்.