களைப்புக்கு ஓர் உருவம்

ரத்தப் பரிசோதனை உறையைப் பிரிக்கும்போது டெல்பினுக்குப் பரீட்சை முடிவு பார்க்கிற முகம். உடம்பில் அழற்சி இருப்பதைச் சொல்லும் சி.ஆர்.பி. எண் ஏறியிருந்தால் தெருவுக்கே மக்ரூன் கொடுப்பார். "இருபத்தெட்டுக்கு ஏறிருக்கு. இனி எவரும் என்னச் சோம்பேறின்னு சொல்ல முடியாதுல்லா?" நோய் கூடியதற்கு இனிப்பு வழங்கும் வீடு வேறெங்கும் இருக்காது. பக்கத்து வீடு என்பதால் நானும் வெட்கமில்லாமல் தின்றிருக்கிறேன்.

மூன்று வருடமாக முடக்குவாதம். மூட்டுவலி மாத்திரைக்கு அடங்கிவிட்டது, களைப்பு அடங்கவில்லை. காலையில் தலைவாரத் தொடங்கினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். ஒருபக்கம் மட்டும் வாரிய தலையோடே மீன்காரியிடம் பேரம் பேசுவார். விலையைக் குறைத்தும் விடுவார்.

கணவர் அம்புரோஸ் துறைமுகத்தில் இழுவைப் படகு எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் இல்லை, மீட்டரில் முள் ஏறாத கோளாறை நம்பமாட்டார், அவ்வளவுதான். "ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு. பிறகு என்னளா களைப்பு?" டாக்டரிடமும் டெல்பின் கேட்டாயிற்று. "களைப்பைக் காட்டுற டெஸ்ட் இன்னும் வரலம்மா. தேடிக்கிட்டுதான் இருக்காங்க."

"தேடட்டும். நான் படுத்துக்கிட்டே காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

போன மாத ரிப்போர்ட் சுத்தமாக நார்மல். டெல்பின் அழுதுவிட்டார். மறுநாளே மாதா கோயிலுக்கு நேர்ச்சை வைக்கக் கிளம்பினார். வேண்டுதல் குணமாவதற்கு அல்ல, எண் ஏறுவதற்கு. அம்புரோசும் நானும் கூடப் போனோம். வாசலில் ஜெபசுதாவின் கடையில் வெள்ளித் தகட்டில் கண், கை, கால், வயிறு எல்லாம் உண்டு. எது நோகிறதோ அதை வாங்கி வைப்பது வழக்கம்.

"களைப்புக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார் டெல்பின்.

ஜெபசுதா தட்டைக் கிளறிப் பார்த்தாள். "அதுக்குன்னு தனியா இல்லக்கா. முழு ஆளாத் தாரேன்."

பீடத்தடியில் டெல்பின் அந்தத் தகட்டு ஆளைப் படுக்க வைத்தார். "நிறுத்தி வைளா" என்று அம்புரோஸ் அதை எடுத்து மெழுகுவர்த்தித் தண்டில் சாய்த்தார். சரிந்தது. மறுபடி சாய்த்தார், மறுபடி சரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வளைசல் இல்ல, ஒடிவு இல்ல. பிறகு ஏன் நிக்க மாட்டேங்கு?"

"அதத்தான் நானும் மூணு வருசமாச் சொல்லுதேன்" என்றார் டெல்பின்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்புரோசின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு அந்த ஆளை மெதுவாகப் படுக்க வைத்து, தம் கைக்குட்டையை நான்காக மடித்து அதன் தலைக்கடியில் செருகினார்.