கடலில் கட்டிவைத்த திருகு

என் மேசை லாச்சியில் ஒரு அட்டை இருந்தது. பல் பதிக்க வருகிறவர்கள் எதற்கெல்லாம் பயப்படுவார்கள் என்று எண் போட்டு எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தேன். எட்டுப் பயங்கள், எட்டுப் பதில்கள். வலிக்குமா என்பது முதலாவது. எதையும் பட்டியலாக்கினால்தான் எனக்கு மனம் அடங்கும். விடத்தல்தீவிலிருந்து காலை பஸ்ஸில் வரும்போதே அன்றைய வேலைகளைக் கைப்பேசியில் வரிசைப்படுத்திவிடுவேன்.

மன்னார் நகரில் ஒரு சின்னப் பல் சிகிச்சை நிலையத்தில் வேலை. விழுந்த பல்லின் இடத்தில், தாடை எலும்புக்குள் சிறிய உலோகத் திருகு ஒன்றைப் பதித்து, எலும்பு அதை இறுகப் பிடித்த பிறகு மேலே பல்லைப் பொருத்துவார்கள். திருகைப் பதிக்கும் டொக்டர் இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வருவார். மேலே வைக்கும் பல்லைச் செய்வது என் தொழில். வருகிறவர்களுக்கு முன்கூட்டியே எல்லாவற்றையும் விளங்கப்படுத்துவதும் என் பொறுப்புத்தான்.

தென்மேற்கிலிருந்து வீசிக் கடலைக் கலக்கும் சோளகக் காற்று தொடங்க இரண்டு மாதம் இருக்கும்போது ஒருவர் மனைவியோடு வந்தார். நாற்பதைத் தாண்டியவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கிச் சங்கு குளிப்பவர். வள்ளத்தின் விளிம்பு முகத்தில் அடித்து, மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டு பற்கள் போயிருந்தன. ஒன்று கூரான வேட்டைப்பல், மற்றது அதற்கு அடுத்தது. வேறு ஒருவர் என்றால் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு காலம் கழிக்கலாம். இவருக்கு அப்படி முடியாது. சிலிண்டரிலிருந்து வரும் குழாயின் நுனியில் ஒரு ரப்பர் இருக்கும். தண்ணீருக்குள் அதை இரண்டு பக்கமும் கடித்துப் பிடித்தபடிதான் மூச்சு விட வேண்டும். ஒரு பக்கம் பிடி இல்லாமல் ரப்பர் நழுவி, இரண்டு தடவை இருமிக்கொண்டு மேலே வந்திருந்தார். கழற்றி மாட்டும் பல்லோடு இறங்கவே கூடாது, அடியில் கழன்றால் தொண்டைக்குள் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"இப்ப வள்ளத்தில இருந்து மற்றவங்கட குமிழியைப் பாத்துக்கொண்டிருக்கிறன், மிஸ்ஸி," என்றார். இங்கே தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நான் மிஸ்ஸி இல்லை அண்ணா. பல்லுச் செய்யிற ஆள்."

"வெள்ளைச் சட்டை போட்ட எல்லாரும் இவருக்கு மிஸ்ஸிதான் தங்கச்சி. தலைமயிர் வெட்டுறவரையும் ஒருக்கா டொக்டர் எண்டு கூப்பிட்டவர்," என்றார் மனைவி.

சோளகம் விழுந்து கடல் அடங்கும்போது அவர் இறங்கத் தயாராக இல்லாவிட்டால், கூட்டாளிகள் அவருடைய இடத்துக்கு வேறு ஆளைச் சேர்த்துவிடுவார்கள். அதையும் மனைவிதான் சொன்னார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அட்டையை எடுத்து முதலாவதிலிருந்து எட்டாவது வரை வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி "ஓம்" என்றார். இலகுவாக விளங்கட்டும் என்று, "எலும்புக்குள்ள ஒரு சின்ன ஆணி இறுக்கிற மாதிரித்தான்," என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். அதற்கும் ஓம். அடுத்த சனிக்கிழமைக்கு அவருடைய பெயரை எழுதிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் படுக்க வேண்டிய கதிரை வெறுமையாகக் கிடந்தது.

திங்கட்கிழமை அவர் தனியே வந்தார். பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒன்றை என் மேசையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். முன்பு ஆணியாக இருந்த ஏதோ ஒன்று. செம்பழுப்பாக ஊதிப்போய், தொட்டதும் உதிர்ந்தது.

"இதுவும் கறள் பிடிக்காதெண்டு சொல்லித் தந்ததுதான். வள்ளத்தில அடிச்சு ரெண்டு வருசம்கூட இல்லை. ஆணி போனது மட்டுமில்லை, அதைச் சுத்தின பலகையும் உக்கிப்போச்சு. இப்ப நீங்கள் என்ர எலும்பில ஒண்டை அடிக்கப் போறியள். நான் உப்புத் தண்ணிக்குள்ள சீவிக்கிறவன்."

"ஏன் அண்ணா அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீங்கள் வாசிச்சுக்கொண்டெல்லோ போனீங்கள். மாதா கோயில் பூசையில வாசகம் வாசிக்கேக்க ஆரும் கை தூக்கிறதே?"

சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. என் எட்டுப் பயங்களும் படித்த இடத்திலிருந்து வந்தவை. ஆணி என்ற சொல் மட்டும் என்னுடையது; கெடுத்ததும் அதுதான். பதிக்கும் உலோகம் டைட்டேனியம், இரும்பு அல்ல. அதன் மேற்பரப்பில் தானாகவே ஒரு மெல்லிய படலம் உருவாகி அதைக் காக்கும் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் மறுபடியும் "ஓம்" என்றார். நிறுத்திக்கொண்டேன். கடல் உலோகத்தைத் தின்பதை இருபது வருடம் பார்த்தவருக்கு என் படலம் எம்மாத்திரம்.

வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த காலாவதியான திருகு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இதே? தூண்டிலை விடச் சின்னனாக் கிடக்கு!" வள்ளத்து ஆணியின் நீளத்தை விரலால் காட்டினார். "நான் இவ்வளவு எண்டெல்லோ நினைச்சனான்."

"இதைக் கொண்டுபோய்க் கடலுக்குள்ள கட்டி விடுங்கோ. பக்கத்தில ஒரு புது ஆணியையும் கட்டுங்கோ. ஆனா ரெண்டும் முட்டக்கூடாது. முட்டினா ஆணி இன்னும் கெதியாக் கறள் பிடிக்கும். பிறகு நான் கள்ள விளையாட்டு விளையாடின மாதிரி ஆகிடும்."

அவர் முதல் தடவையாக என்னை நேரே பார்த்தார். "அப்ப நீங்களும் பாக்கத்தான் போறியள்."

டொக்டரிடம் சொன்னபோது, "கடலுக்குப் போனதைத் திருப்பி என்ர கருவித் தட்டில மட்டும் வைக்காதேங்கோ," என்றார். நாட்காட்டியில் கணக்குப் போட்டேன். சோதனைக்கு ஒரு மாதம், எலும்பு பிடிக்க ஏறத்தாழ நான்கு மாதம், பல் செய்ய இரண்டு கிழமை. காற்று விழுவதற்குள் முடிக்கலாம். அந்த ஒரு மாதம் இரண்டானால் சந்தேகம்.

சரியாக ஒரு மாதத்தில் கணவனும் மனைவியும் ஒரு ஜாம் போத்தலோடு வந்தார்கள். ஆணியில் கறள் செதில் செதிலாக எழும்பியிருந்தது. திருகைத் தேடினேன். அது தெரியவே இல்லை. பச்சைப் பாசியும் பொடிச் சிப்பிகளும் மூடியிருந்தன. அவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துப் பொறுமையாகச் சுரண்டினார். உள்ளேயிருந்து நான் கொடுத்த அதே சாம்பல் பளபளப்பு வந்தது.

"கறள் இல்லை," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா சிப்பி பிடிக்குதே."

"வாயில சிப்பி பிடிக்காது அண்ணா. ஊத்தை பிடிக்கும். விட்டா முரசை, பல்லைச் சுத்தின சதையைத் தின்னும். பிறகு நல்ல திருகும் ஆடும். வள்ளத்தைக் கரையேத்திச் சுரண்டிற மாதிரி இதையும் ஒவ்வொரு நாளும் பிரஷால தீட்ட வேணும்."

"கேட்டீங்களோ?" என்றார் மனைவி. "வள்ளத்துக்குச் செய்யிற உபசாரத்தில பாதியைப் பல்லுக்குச் செய்திருந்தா நாங்கள் ஏன் இஞ்ச?"

"அடிபட்டதுக்குத் தீட்டினா என்ன, தீட்டாட்டி என்ன?"

இந்த முறை அட்டையை எடுக்கவில்லை. "வேற என்ன பயம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சும்மா இருப்பது எனக்குக் கடினம், என்றாலும் இருந்தேன்.

ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் திருகை வெளியே தள்ளாதா என்றார். டொக்டரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவிட்டேன். பல்லுக்குள் காற்று அடைபட்ட இடைவெளி இருந்தால்தான் அழுத்தம் வலி தரும், எலும்பு இறுகிய இடத்தில் அப்படி இடைவெளி இராது, அதுவரை மட்டும் இறங்கக்கூடாது என்று டொக்டர் விளக்கினார். அதை ஏற்றுக்கொண்டார். பிறகு, மனைவி வெளியே போன நேரமாகப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்:

"அடியில எங்களுக்குக் கயிறு இருக்கு மிஸ்ஸி. ஒருக்கா இழுத்தா நில். ரெண்டு தரம் இழுத்தா தூக்கு. உங்கட கதிரையில வாயைத் திறந்துகொண்டு படுத்தா, நான் எதை இழுக்கிறது?"

உண்மையான பயம் அதுவாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை இரண்டு முழ நைலோன் கயிற்றைக் கொதிநீரில் போட்டுச் சுத்தப்படுத்தி வைத்தேன். ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். விறைப்பூசி போட்டு, துளையிடும் சத்தம் தொடங்கிச் சிறிது நேரத்தில் கயிறு ஒரு தடவை இழுபட்டது.

"டொக்டர், நில்லுங்கோ."

சத்தம் நின்றது. அவர் கண்ணைத் திறந்து, மற்றக் கையால் மூக்கைக் காட்டினார். அரிப்பு. துணியால் சொறிந்துவிட்டேன். டொக்டரின் முகமூடி சிரிப்பில் ஆடியது. அதற்குப் பிறகு கயிறு அசையவே இல்லை.

எல்லாம் முடிந்து எழும்பியவர் விறைத்த வாயால், "இவ்வளவுதானே? ஆணி அடிக்கிற சத்தம் எப்ப வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார்.

மறுநாள் மனைவியின் தொலைபேசி அழைப்பு வந்தது. "தங்கச்சி, முகம் பேத்தை மீன் மாதிரி ஊதிப்போச்சு." வீக்கம் வரும் என்பது என் அட்டையில் ஐந்தாவது. ஆனாலும் ஐஸ் வைக்கச் சொல்லி, மாலையில் நானே மறுபடி அழைத்துக் கேட்டேன். நான்காம் நாள் வற்றிவிட்டது.

சோளகம் வீசிய மாதங்களில் அவர் கரையில் இருந்து கிழிந்த வலைகளைப் பொத்தினார். நூலைப் பல்லால் கடித்து அறுக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கத்தரிக்கோலைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தாராம். காற்றுக் காலம் முடியும் தறுவாயில் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு இறுகியிருந்தது. பல் செய்ய அளவெடுக்கும்போது, அடிபட முன்னர் கடித்த பழைய ரப்பர் கிடக்கிறதா என்று கேட்டேன். கொண்டுவந்தார். போன இரண்டு பற்களின் தடமும் அதில் அப்படியே பதிந்திருந்தது. விளக்கின் கீழ் அதை வைத்துப் பார்த்துப் பார்த்து வேட்டைப்பல்லின் நுனியைத் தேய்த்தேன்.

பொருத்திய அன்று ரப்பரைக் கடிக்கச் சொல்லி, குழாயை இழுத்தேன். வரவில்லை. கையால் இன்னும் இழு என்று காட்டினார்.

"விடுங்கோ தங்கச்சி," என்றார் மனைவி. "கதிரையோட வந்திடுவார்."

கடல் அடங்கியது. மூன்று கிழமைக்குப் பிறகு பரிசோதனைக்கு வந்தவர் புது ரப்பர் ஒன்றை என் மேசையில், ஜாம் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்தப் போத்தல் இப்போது என் மேசையில்தான் நிற்கிறது. அட்டை லாச்சியின் அடியில் கிடக்கிறது. வருகிறவர்களிடம் முதலில் என்ன தொழில் என்று கேட்கிறேன். ரப்பரைத் திருப்பிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் இரண்டு பற்களின் தடம். ஆனால் வலப்பக்கத்தைவிட ஆழமாக, ரப்பர் கிழியும் அளவுக்கு.

"ஏன் அண்ணா இப்படிக் கடிச்சனீங்கள்? நோகுதோ?"

"இது முதல் நாள். பயத்தில கடிச்சது."

"அடுத்த நாள்?"

யோசித்துப் பார்த்தார். "அடுத்த நாள் சங்கு கண்ணில பட்டது மிஸ்ஸி. பல்லை மறந்துபோனன்."