பஸ்ரியனின் சொந்தக் காணி

எங்கள் அரிப்புக் கிராமத்தில் வீட்டுக்கு ஒரு அறை கூட்டிக் கட்ட நினைக்கிறவர்கள் முதலில் பஸ்ரியன் அண்ணைக்குப் பயப்பட வேண்டும். ஆள் மேசன். வந்தால் சுவரைப் பற்றிப் பேசமாட்டார், மண்ணைப் பற்றித்தான். அத்திவாரக் கிடங்குக்குள் செருப்பில்லாமல் இறங்கி, குதிக்காலால் குத்திக் குத்தி ஒரு நடை நடப்பார். பிறகு மூலைக்கு மூலை அலவாங்குக் கம்பியை மண்ணில் குத்தி இறக்குவார். அது தன்பாட்டில் இறங்கினால் போச்சு. எல்லாவற்றையும் கிண்டி எடுத்து, புது மண் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கச் சொல்லுவார். என் குசினிக்கு இரண்டு முறை கிண்ட வைத்த மனிதர். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதைவிட அவர் கேட்கிற கேள்விகள். "முந்தி இதில என்ன இருந்தது? கக்கூசோ, கிணறோ, பங்கரோ? ஆர் மூடினது? என்னத்தைப் போட்டு மூடினது?"

"அண்ணை, நீங்கள் பொலிசில சேந்திருக்கலாம்," என்றேன் ஒருமுறை. அவர் சிரிக்கவில்லை. "சுவர் வெடிச்சா என்னட்டத்தானே வருவியள்," என்றார்.

அப்படிப்பட்டவர் மகள் அன்ரோனெற்றின் முதல் பிரசவத்துக்காகத் தன் வீட்டோடு ஒரு அறை கட்டினார். பிள்ளை பிறக்கமுன் முடிக்கவேண்டும் என்று அவசரம். கிடங்கு வெட்டினார், ஒரு நடை நடந்தார், கொங்கிரீட்டைப் போட்டார். கடல்பக்க மூலையில் அலவாங்கை இறக்கிப் பார்க்கவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"இது கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் அங்குலம் அங்குலமாப் பாத்த காணி," என்றார். "ஷெல்லடிக்கு ஒளிச்சிருந்த பங்கரையும் அவங்கள் மூடிட்டுத்தான் போனவங்கள்."

எங்கள் கரையில் எல்லோருக்கும் உள்ள எண்ணம் இது. சண்டை முடிந்து திரும்பியபோது, அவர்கள் மண்டையோட்டுப் பலகையைக் கழற்றிக்கொண்டு போனபிறகுதான் வளவுக்குள் கால் வைத்தோம். அதன்பிறகு அந்த நிலத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. அவர்கள் பார்த்தது வெடி இருக்கிறதா என்று மட்டும்தான் என்பது எனக்கும் அன்று உறைக்கவில்லை. அந்த நேரம் பஸ்ரியன் அண்ணை ஊரிலேயே இல்லை. அவரை ஆமி பிடித்துத் தடுப்பு முகாமில் ஒரு வருசம் வைத்திருந்தது. மனைவி பிரான்சிஸ்கா அக்காதான் பிள்ளைகளோடு தனியாக வந்து குடியிருந்தார்.

அறை முடிந்தது. பங்குச் சுவாமி வந்து அறையை மந்திரித்தார். பேத்தியும் பிறந்தாள். கடல்பக்கச் சுவரோடு கட்டிலைப் போட்டுத் தாயும் பிள்ளையும் படுத்தார்கள்.

கார்த்திகை மழை அடித்து ஊற்றி, ஒருநாள் காலை வானம் வெளித்தது. கடைக்குப் போகிற வழியில் பார்த்தேன், பஸ்ரியன் அண்ணை அறைக்கு வெளியே முழங்காலில் இருந்தார். செபம் சொல்கிறாராக்கும் என்று கிட்டப் போனேன். மூலையில் அத்திவாரம் அந்தரத்தில் நின்றது, கீழே மண் இல்லை. ஆள் படுக்கக்கூடிய பள்ளம், அதற்குள் கறுப்புத் தண்ணீரும் இற்றுப்போன தென்னங்குற்றிகளும். மேலே சுவர் கூரைவரை வெடித்திருந்தது. வெடிப்புக்குள்ளால் கட்டிலின் நுளம்புவலை தெரிந்தது.

பஸ்ரியன் அண்ணை எழும்பிக் கதவால் உள்ளே போனார். நிலத்துக்கு நோகும் என்று பயந்த மாதிரி ஒவ்வொரு காலாக வைத்தார்.

"பிள்ளை, எழும்பு. கதைக்காதை. வா."

குழந்தையை வாசலில் என் கையில் தந்தார். நித்திரைச் சூடு ஆறாத உடம்பு. அன்ரோனெற் முற்றத்துக்கு வந்து, "என்னப்பா?" என்று கேட்டு வாய் மூடவில்லை. சுவர் சரிந்து கட்டிலின் மேல் விழுந்தது.

கட்டிலைப் பார்த்தபடி நின்றோம்.

பிரான்சிஸ்கா அக்கா குசினியிலிருந்து ஓடிவந்து பள்ளத்தைப் பார்த்தார். "இது நான் மூடின பங்கர்," என்றார்.

"நீயோ? அந்த ஆக்களெல்லோ மூடினவங்கள்?"

"அவங்கள் வெடி இல்லையெண்டு பாத்திட்டுப் போயிட்டாங்கள். பிள்ளையள் விழுந்திடுங்கள் எண்டு எனக்குப் பயம். கூரைக் குற்றியளைத் தூக்கி உள்ளை நிரப்பப் பெலன் காணாது. வாசலை ஓலையால அடைச்சு, மேலால மண்ணைச் சுமந்து கொட்டினன்."

"அறை கட்டேக்கையாவது சொல்லியிருக்கலாமே?"

"ஊர் மண்ணெல்லாம் பாக்கிற ஆள், பாத்துத்தான் கட்டுறியள் எண்டு இருந்திட்டன். ஊரெல்லாம் கேக்கிறனீங்கள், என்னட்ட ஒண்டும் கேக்கேல்லையே."

பஸ்ரியன் அண்ணை சீறுவார் என்று நினைத்தேன். அவர் கவிழ்த்திருந்த வாளியில் இருந்தார். "வேறை எங்கையும் இப்பிடி மூடினனியோ?" என்று கேட்டார்.

பிரான்சிஸ்கா அக்கா பேத்தியை என் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வேலிக்கரையில, பூவரசுக்குக் கீழ. அது பங்கர் இல்லை. உங்களைக் கொண்டுபோகேக்கை எனக்கு மூண்டு மாசம். உங்களுக்குத் தெரியாது. இந்த மண் சுமந்த கிழமைதான் பிள்ளை கலைஞ்சது. அங்கதான் வைச்சனான்."

அத்தனை வருசம் அந்தப் பூவரசில் உடுப்புக் கொடி கட்டி, வலை காயப்போட்டு, அதன்கீழ் சீமெந்து குழைத்தவர் பஸ்ரியன் அண்ணை. மெல்ல எழும்பி வேலிக்கரைக்குப் போனார். எந்த மண்ணையும் குதிக்காலால் குத்திப் பார்க்கிற மனிதர், அந்த நிழலுக்குள் கால் வைக்காமல் வெளியிலேயே நின்றார்.