பன்னமும் தும்புத்தடியும்

எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் ஒரு மாமரமும் ஒரு பலாவும் கிளையோடு கிளை பின்னி நிற்கின்றன. அவற்றின் கீழே வெயிலும் விழாது, புல்லும் முளைக்காது. அந்த இடத்துக்குச் சீமெந்து போடவேண்டும் என்று என் கணவர் ஒற்றைக் காலில் நின்றார். எனக்கோ அங்கே பன்னம் என்கிற பெரணிச் செடி வளர்க்க ஆசை. பூவும் காயும் இல்லாமல் இலையழகை மட்டுமே நம்பி வாழ்கிற செடி அது. மலைநாட்டிலிருந்து இரண்டு தரம் கொண்டுவந்து நட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு தரமும் கருகிப்போயின.

"மாரி முடியுமட்டும் பாரும். வராட்டில் சீமெந்து போட மேசனைக் கூப்பிடுவன்," என்றார் கணவர்.

அந்த ஆவணியில் வழக்கம்போலத் தண்ணீரை வெளியேற்றிக் கிணறு இறைத்தோம். துப்புரவாக்க உள்ளே இறங்கிய ஆள் கல்லிடுக்கில் வளர்ந்திருந்த பன்னங்களைச் சுரண்டிச் சேற்றோடு மேலே அனுப்பினான். வருடாவருடம் குப்பையில் கொட்டுகிற சாமான்தான். அன்றுதான் என் மூளை வேலை செய்தது. சுண்ணாம்புக் கல்லில் பிறந்து இதே தண்ணீரைக் குடித்து வளர்ந்த பன்னம் கையருகில் இருக்க, மலைநாட்டுச் சீமாட்டி எனக்கு எதற்கு? பொறுக்கியெடுத்து, உடைந்த சுண்ணாம்புக் கற்களுக்கிடையில் நட்டேன்.

ஈரம் காயாமலிருக்கச் சருகு வேண்டும்; விழுந்ததைக் கூட்டாமல் விட்டேன். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. எங்கள் ஊரில் விடிந்ததும் வீட்டு வளவு கூட்டாதவள் ஒரு பெண்ணா? எனக்கே கை துறுதுறுத்தது. அடுத்த வீட்டு மச்சாள், கணவரின் தமக்கை, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"உதென்ன, வெளிநாடு போன ஆக்களின்ரை வளவு மாதிரிக் கிடக்கு?"

ஒருநாள் நான் யாழ்ப்பாணம் போய் வருவதற்குள், என்மேல் இரக்கப்பட்டு, அவ்வளவு சருகையும் தன் தும்புத்தடியால் கூட்டி எரித்துவிட்டார். பன்னங்கள் வெறும் மண்ணில் வாடிக் கிடந்தன. வந்த கோபத்தில் வாயைத் திறந்திருந்தால் இரண்டு வீடும் இன்றைக்கும் கதைக்காது. சாக்கை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் தன் வளவில் கூட்டிக் குவித்திருந்த சருகை அள்ளிவந்து பரப்பினேன்.

கார்த்திகை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. தையில் மேசன் அளவெடுக்க வந்தபோது கற்களே தெரியாதபடி பச்சை. சருகைத் தள்ளிக்கொண்டு புதுத் தளிர்கள் சுருண்டு சுருண்டு எழும்பியிருந்தன. கணவர் குனிந்து ஒரு தளிரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேசனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். வென்றுவிட்டேன்! அன்று முழுக்க என் கால் நிலத்தில் படவில்லை.

பின்னேரம் மச்சாள் வந்து பன்னங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு பிடி கிளப்பித் தாருமன்."

"தாறன் மச்சாள். முதல்லை உங்கடை தும்புத்தடியைக் கொண்டுவந்து என்னட்டைத் தாங்கோ."

முறைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் தும்புத்தடி இருந்தது.