உபயதாரர் பெயர் எழுதிய கேடயம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்து ரோட்டில், மொபெட்டின் பின்சீட்டில் ஈட்டியோடு ஒரு பொம்பளை போனதை யாராவது பார்த்தீர்களா?

அது நான்தான்!

வண்டி ஓட்டியவர் உடம்பு முழுக்கத் தகரம். தலையில் தகரத் தொப்பி, மார்பில் தகரக் கவசம், ஹேண்டில்பாரில் ஒரு கேடயம். ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

பொறுங்கள்... முதலிலிருந்து வருகிறேன்.

பழைய ஸ்பானிய வீரக் கதைகள் என்றால் எனக்குப் பைத்தியம். இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. நினைத்துப் பாருங்களேன்! ஒருத்தன் பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டுச் சத்தியம் பண்ணுகிறான். எளியவரைக் காப்பேன், சொன்ன சொல் தவற மாட்டேன், ஆபத்தைக் கண்டு முதுகு காட்ட மாட்டேன் என்கிறான். மனசுக்குப் பிடித்தவள் பெயரைச் சொல்லிக்கொண்டு குதிரை ஏறுகிறான். 'இதில் எனக்கு என்ன கிடைக்கும்?' என்று ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. ஊரே சிரிக்கிறது... அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறான்.

ஸ்பானியர்கள் தங்கள் கதைகளில் அவனைச் சும்மா விடவில்லை. ஓட்டு ஓட்டென்று ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் வயிறு வலிக்கச் சிரித்து முடித்ததும், அவன் மேலேயே நமக்குப் பாசம் வந்துவிடுகிறது பாருங்கள் – அங்கேதான் அவர்கள் பெரிய ஆட்கள்.

இதையெல்லாம் ஒரு நாள் பத்தியில் உருகி உருகி எழுதித் தொலைத்தேன். படித்துவிட்டு அந்தக் கிராமத்துப் பங்கு ஃபாதர் போன் பண்ணினார்.

"டீச்சர், திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஒரே நாடகம். ஜனங்க வசனத்தை முன்கூட்டியே சொல்லிடறாங்க. நீங்க ஒரு ஸ்பானிய வீரன் நாடகம் எழுதிக் குடுங்களேன்!"

கேட்க வேண்டுமா? ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டேன்.

எழுதியாயிற்று... நடிக்க ஆள்? ஊரில் மீசை கறுப்பாக இருக்கிற ஆம்பளைகளில் பாதிப் பேர் சிங்கப்பூர், மீதிப் பேர் துபாய். கடைசியில் மாட்டினார் ஆரோக்கியம். குவைத்தில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, ரீசார்ஜ் கடை வைத்துக்கொண்டு, கொஞ்சம் நிலத்தில் சம்பாவும் போட்டிருப்பவர். நல்ல தொப்பை. அதட்டிப் பேசவே தெரியாது. கடன் சொல்லி ரீசார்ஜ் பண்ணுகிறவனிடம்கூட "பரவால்லங்க, அப்புறம் குடுங்க" என்பார். இவர்தான் என் வீரன்!

மேடை, மைக், லைட், கவசம் எல்லாமே முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் செபஸ்தியான் உபயம். ஊரில் பெரிய வாழைக்கொல்லை அவருடையதுதான். உபயம் என்றால் நம் ஊரில் சும்மா விடுவார்களா? கோயில் டியூப்லைட்டில் பெயர் எழுதி வெளிச்சத்தை மறைக்கிற ஆட்கள் அல்லவா நாம்! கேடயத்தின் நடுவில் சிவப்பு பெயின்ட்டில் கொட்டை எழுத்தில், 'உபயம்: செபஸ்தியான்'.

ஸ்பானிய வீரன் காதலி பெயரை நெஞ்சில் சுமந்தான். என் வீரன் உபயதாரர் பெயரைக் கையில் சுமந்தான். என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை கோயில் வளாகத்தில் உடையோடு முதல் ஒத்திகை. ஆரோக்கியம் மண்டியிட்டு, கண்ணை மூடி, "எளியவர் பங்கை எவர் தொட்டாலும் என் ஈட்டி உறங்காது!" என்று சத்தியம் பண்ணுகிறார். எனக்குப் புல்லரிக்கிறது...

கவசத்துக்குள் செல்போன் அடித்தது. ஒரே மணி. நின்றுவிட்டது.

மிஸ்டு கால்!

வீரன் துள்ளி எழுந்தார். "டீச்சர், முறை!"

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வாய்க்காலில் முறை வைப்பார்கள். இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை இன்னார் வயலுக்கு என்று பேச்சு. அந்த வாய்க்காலில் முறை கடைமடையில், அதாவது வாய்க்கால் முடிகிற கடைசி வயலில், தொடங்கி மேலே வரும். ஒருத்தர் முறை முடிந்ததும் அடுத்தவருக்கு ஒரு மிஸ்டு கால். முறை போனால் போனதுதான், அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். கதிர் வாங்குகிற நேரத்தில் முறையை விட்டவன் வைக்கோல்தான் அறுக்க வேண்டும். அதனால் கல்யாணப் பந்தியிலிருந்துகூட எழுந்து ஓடுவார்கள்.

கவசத்தைக் கழற்ற நேரமில்லை. முதுகில் பதினாறு முடிச்சுப் போட்டுக் கட்டியதே நான்தான். ஆரோக்கியம் அப்படியே மொபெட்டில் ஏறினார். கேடயம் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. எனக்குக் கால் நிற்குமா? கையிலிருந்த ஈட்டியோடு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வாய்க்கால் கரையில் மரியபுஷ்பம் நின்றுகொண்டிருந்தார். மிஸ்டு கால் கொடுத்தவர் அவர்தான். கடைமடைக்காரர். நேற்று வரை செபஸ்தியான் வயலில் நடவு நட்ட குடும்பம். மகன் சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து அனுப்பியதில் சொந்தமாக நிலம் வாங்கி, சொந்த நிலத்தில் போட்ட முதல் சம்பா.

வாய்க்காலைப் பார்த்தேன். சேறுதான் இருந்தது.

"என்னக்கா, தண்ணியே காணும்?" என்றார் ஆரோக்கியம்.

"எனக்கும் வரல தம்பி. காலையிலேருந்து நின்னுக்கிட்டுருக்கேன், ஒரு சொட்டு வரல. மேல பெரியவரு மூட்டை போட்டு வாழைக்குத் திருப்பிட்டாராம்."

"அப்புறம் எதுக்கு எனக்கு மிஸ்டு கால் குடுத்தீங்க?"

"என் முறைதான் முடிஞ்சிடுச்சே! உனக்குச் சொல்லணும்ல?"

அவர் வயலைத் திரும்பிப் பார்த்தேன். பயிரின் தொண்டையிலேயே கதிர் வெளியே வரமுடியாமல் நிற்கிறது. தரை பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. இன்னும் ஒரு சுற்றுத் தண்ணீர் தவறினால் அந்த முதல் வெள்ளாமை மொத்தமும் பதர்தான்.

ஆரோக்கியம் மறுபடி வண்டியைக் கிளப்பினார். நானும் ஏறினேன். மரியபுஷ்பம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு ஓடி வந்தார்.

மேலே, வாய்க்காலுக்குக் குறுக்கே வரிசையாக மணல் மூட்டை. தண்ணீர் பூராவும் வாழைக்கொல்லை மடைக்குள் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. கரையில் வெள்ளை வேட்டியோடு செபஸ்தியான். எங்களைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னடா ஆரோக்கியம், நாடகம் இங்கேயா? ஏன்டா, எம்பேரு போட்ட கேடயத்தத் தூக்கிக்கிட்டு எங்கிட்டயே சண்டைக்கு வர்றியா?"

ஆரோக்கியம் வாயைத் திறந்தார். பாவம், அதட்டிப் பழக்கமில்லாத மனுஷன்... பதற்றத்தில் நான் எழுதிக்கொடுத்த வசனம்தான் வந்தது.

"எளியவர் பங்கை எவர் தொட்டாலும் என் ஈட்டி உறங்காது!"

ஈட்டி என் கையில் இருந்தது.

வாழைக்கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆரோக்கியத்தின் முகம் தகரத்துக்குள் சிவந்துபோனது. மெதுவாகத் தொப்பியைக் கழற்றிக் கரையில் வைத்தார்.

"மாமா, லைட்டு வேணாம், மேடையும் வேணாம். நாடகமே இல்லாட்டியும் போவுது. நான் மூட்டைய எடுக்கப்போறேன்."

ஐயோ, என் நாடகம்! ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு விசில் அடிக்கத் தெரியாமல் போச்சே என்றுதான் இருந்தது.

தொபுக்கென்று வாய்க்காலில் குதித்தார். குதித்தவர் வழுக்கி மல்லாந்தார். கவசத்தோடு எழுந்திருக்க முடியவில்லை. கவிழ்ந்த ஆமை மாதிரி கையையும் காலையும் ஆட்டினார். நான் கரையில் நின்று "ஆரோக்கியம்! ஆரோக்கியம்!" என்று கத்துகிறேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மரியபுஷ்பம் என் கையிலிருந்த ஈட்டியை வெடுக்கென்று பிடுங்கினார். நல்ல மூங்கில். மூட்டைக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார் பாருங்கள்! முதல் மூட்டை உருண்டது. இரண்டாவது தானாகவே போனது. ஆரோக்கியம் எப்படியோ புரண்டு எழுந்து மீதியைத் தள்ளினார். தண்ணீர் 'சளசள'வென்று கீழே பாய்ந்தது.

வாழைக்கொல்லை மடை மட்டும் திறந்தே கிடந்தது. அடைக்க என்ன இருக்கிறது? ஆரோக்கியம் கேடயத்தை எடுத்து மடை வாயில் சொருகினார். கச்சிதமாகப் பொருந்திவிட்டது!

பெயர் எழுதிய பக்கம் கரையைப் பார்த்து இருந்தது. உபயம்: செபஸ்தியான்.

"அக்கா, தண்ணிய உங்க வயலுக்குத் திருப்பிக்கங்க. எனக்கு அடுத்த சுத்துல பாத்துக்கறேன்" என்றார் ஆரோக்கியம், மூச்சு வாங்க.

மரியபுஷ்பம் தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் குரலில் பிசிறு இல்லை.

"வேணாம் தம்பி. இப்ப உன் முறை. உன் பயிரும் இதே பருவந்தானே? அடுத்தவங்க முறையில நான் கைவெச்சா, அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

செபஸ்தியானை ஏறிட்டுப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் வேலையில் குனிந்துகொண்டார்கள்.

செபஸ்தியான் மடையில் சொருகியிருந்த தன் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வரப்போகிறது என்று நான் பயந்துபோய் நிற்கிறேன். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆரோக்கியம் பாய்ச்சி முடிச்சதும் என் முறைதான? அத இந்தப் புஷ்பம் வயலுக்கு விட்டுடுங்க. முழுசா." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்று, "லைட்டு வரும்டா. அந்தக் கேடயத்த மட்டும் கழுவிக் கொண்டா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை! 'லட்சியவாதி' என்ற வார்த்தையையே திட்டுகிற மாதிரி சொல்கிற காலம் இது. ஸ்பெயினில் அந்த வீரன் செத்து எத்தனையோ காலமாச்சு என்று நானும்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே முழங்கால் சேற்றோடு நின்றுகொண்டிருக்கிறான்! இல்லை, நின்றுகொண்டிருக்கிறாள்!

சந்தோஷத்தில் மரியபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தேன். ஸ்பெயின், குதிரை, சத்தியம், எளியவரைக் காப்பது, சொன்ன சொல் தவறாமை, இதற்காகவே தலையிலிருந்து கால் வரை கவசம் மாட்டிக்கொண்டு கிளம்பிய மகா வீரர்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். ஆரோக்கியத்தின் நசுங்கிய கவசத்தை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்மா, அந்த ஊர்ல இதுக்கெல்லாமா தகரச் சட்டை போட்டுக்குவாங்க?"